தையலம்மா வீட்டு மூடி

அவருடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. மூடிக்காரர் என்றால் போதும், வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். பிளம்பர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. குழாய் ஒழுகினால் யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். டாய்லெட்டுக்குள்ளிருந்து எலி ஏறி வந்தால் மட்டும் இவரைத்தான் தேடுவார்கள்.

எலி அப்படியெல்லாம் வருமா என்று கேள்விப்பட்டவர்கள் சிரிப்பார்கள். கண்ணால் பார்த்தவர்கள் சிரிப்பதில்லை. அந்தப் பழைய தெருக்களுக்கு அடியில் போகிற பெரிய சாக்கடையில் எலிகள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தன. அதிலிருந்து வீட்டுக்கு வீடு ஒரு கிளைக் குழாய். எலிக்கு அது ராஜபாட்டை. டாய்லெட் வளைவில் நிற்கும் தண்ணீரைக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நீந்திக் கடந்துவிடும். மூடிக்காரர் வாசலில் குழாய்கள் வந்து சேரும் குழியான சேம்பரைத் திறந்து, வீட்டுக் குழாய் வந்து முடிகிற வாயில் ஒரு வளையத்தைச் செருகுவார். அந்த வளையத்தில் கீல் வைத்து ஓர் எவர்சில்வர் தகடு தொங்கும். வீட்டுத் தண்ணீர் தள்ளினால் தகடு திறந்து வழிவிடும். தெருப் பக்கத்திலிருந்து எலி தள்ளினால் இன்னும் இறுகிச் சாத்திக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

"வெளியே போகலாம், உள்ளே வர முடியாது" என்று விளக்குவார். "எங்க வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கும் இப்படி ஒண்ணு மாட்டித் தாங்களேன்" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். எல்லா வீட்டிலும் இதே நகைச்சுவைதான். எல்லா வீட்டிலும் புதிதாகக் கேட்பதுபோல அவர் சிரிப்பார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலியைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் உதறும். சேம்பர் மூடியைக் கம்பியால் நெம்பிவிட்டு இரண்டடி பின்னால் குதித்துத்தான் உள்ளே பார்ப்பார். அந்தப் பயம்தான் அவரை நல்ல வேலைக்காரராக வைத்திருந்தது. வளையத்துக்கும் குழாய்க்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தாலும் விடமாட்டார்.

தையலம்மா வீட்டு வேலையையும் அப்படித்தான் செய்தார். அந்த அம்மா கணவரை இழந்தவர். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகளோடு, தரைத்தளத்தில் இரண்டு அறை வீட்டில் இருந்தார். முன்னறை முழுக்கத் துணி. ஜன்னலோரம் காலால் மிதிக்கும் தையல் மெஷின். மெஷின் ஓடும்போதுதான் அந்த அம்மாவுக்குப் பேச்சு வரும். ஊர்க் கதை முழுக்க அந்த மெஷின் சத்தத்தோடுதான் வெளியே வரும். மூடிக்காரருடைய மனைவி அங்கேதான் தைக்கக் கொடுப்பாள். ஒரு சட்டையை வாங்கி வரப் போனால் அரை நாள் கழித்துத் திரும்புவாள்.

மூடி மாட்டிய அன்று மூடிக்காரர் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். "அக்கா, தரை துடைச்ச தண்ணியை டாய்லெட்ல ஊத்தாதீங்க. நூல் போய்க் கீல்ல சுத்திக்கும்."

"சரி தம்பி" என்றார் தையலம்மா. பிறகு வழக்கம்போல ஊற்றினார்.

கொஞ்ச காலம் கழித்துத் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று போன் வந்தது. அன்றைக்கு மூடிக்காரருக்கு வேறொரு தெருவில் ஒரு வீடே மிதந்துகொண்டிருந்தது. அவசரமாக வந்து சேம்பரைத் திறந்தார். கீலில் நூல் சுற்றியிருந்தது உண்மை. பிய்த்துப் போட்டார். ஆனாலும் தகடு முழுசாகத் திறக்கவில்லை. அந்தக் குழாய்க்கு அந்த மூடியின் வாயே கொஞ்சம் சின்னது, இன்னும் பெரிய அளவு வாங்கி மாட்ட வேண்டும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்குள் பாக்கெட்டில் போன் அடித்தது, மிதக்கிற வீட்டுக்காரர். மூடிக்காரர் தகட்டை மேலே தூக்கி, ஒரு செப்புக் கம்பியால் வளையத்தோடு சேர்த்துக் கட்டினார். தண்ணீர் கடகடவென்று இறங்கியது.

"சரியாயிடுச்சாப்பா?"

"சரியாயிடுச்சு அக்கா."

பெரிய மூடி வந்ததும் மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தார். வேறு சில வீடுகளிலும் இப்படிக் கட்டி வைத்திருந்தார், சிலவற்றை அவிழ்த்தும் இருந்தார். இந்த வீட்டை மறந்துபோனார். அடைப்பு இல்லாத வீட்டிலிருந்து போன் வராது, போன் வராத வீடு ஞாபகத்திலும் வராது.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு நாள் காலையில் தையலம்மாவின் மகள் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, கொஞ்சம் வர்றீங்களா? அம்மா காலை எலி கடிச்சிடுச்சு."

தையலம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது. பாதத்தில் உணர்ச்சி குறைந்து பல வருஷம் ஆகிவிட்டது. எலி கடித்தது அவருக்குத் தெரியவே இல்லை. விடிந்து போர்வையை விலக்கியபோது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அறை மூலையில் இருந்த எலி மகள் கண்முன்னாலேயே டாய்லெட்டுக்குள் ஓடி, குதித்து, தண்ணீருக்குள் மறைந்திருக்கிறது.

மூடிக்காரருக்கு வரும் வழியிலேயே நடந்தது என்னவென்று தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் கட்டிய கம்பி ஞாபகத்துக்கு வந்தது. சேம்பரைத் திறந்தார். வழக்கம்போல இரண்டடி பின்னால் குதிக்கவில்லை. அவர் கட்டியது கட்டியபடியே இருந்தது. கம்பி மட்டும் பச்சை பூத்திருந்தது. வாசல் படியில் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து உள்ளே தெரியாது. அவர் கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டிக் கைக்குள் சுருட்டிக்கொண்டார். தகடு டக்கென்று விழுந்தது.

"என்னண்ணா ஆச்சு? மூடிதான் போட்டிருக்கே, எப்படி வந்துச்சு?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "நூலும்மா. கீல்ல நூல் சிக்கி, மூடி திறந்தபடியே நின்னுடுச்சு."

பொய்க்குச் சாட்சி தேடவும் வேண்டியிருக்கவில்லை. கீலில் உண்மையிலேயே நூல் இருந்தது. கறுப்பும் வெள்ளையும் நீலமுமாக ஒரு கொத்தைப் பிய்த்தெடுத்துக் காட்டினார். இன்னொரு கைக்குள் கம்பி குத்திக்கொண்டிருந்தது.

மகள் திரும்பி உள்ளே போனாள். அவள் குரல் வாசல் வரைக்கும் கேட்டது. "எத்தனை தடவைம்மா சொன்னேன்? அண்ணாவும் சொன்னாரு இல்ல? யார் பேச்சையாவது கேக்கறியா நீ? உன் நூலால உனக்கே வந்துச்சு பார்!"

மூடிக்காரர் கை கழுவிவிட்டு உள்ளே போனபோது, தையலம்மா காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். மகள் மூடிக்காரருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். நின்றபடியே வாங்கிக் குடித்தார்.

"மன்னிச்சுக்கோங்க தம்பி" என்றார் தையலம்மா. "நீங்க அப்பவே சொன்னீங்க. நான்தான் கேக்கலை. உங்க மூடியைக் கெடுத்துட்டேன்."

"பரவாயில்லக்கா" என்றார் மூடிக்காரர். பிற்பாடு தன்னுடைய பொய்யைவிட இந்த ஒரு வார்த்தைதான் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது. பரவாயில்லையாம். எவ்வளவு பெரிய மனசு!

புண் ஆறவில்லை. சர்க்கரைக் காலில் புண் அவ்வளவு சுலபமாக ஆறுமா? முதலில் வீங்கியது, பிறகு கறுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கடைசியில் வலது காலில் சுண்டுவிரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். மெஷினை மிதிக்கிற கால் அது.

மூடிக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வீட்டுக்கு வந்த பிறகும் போனார். குழாயில் வாஷர் மாற்றினார், சமையலறைத் தொட்டியைச் சுத்தம் செய்தார், குளியலறையில் பிடித்து நடக்கக் கம்பி பதித்தார். கூலி வாங்கவில்லை. தையலம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். "கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான். தங்கமான மனுஷன்." அந்தப் பேச்சு தெருவைச் சுற்றிவிட்டு அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

"அந்த அக்காவுக்கு நீங்க செய்யறதைப் பாத்தா எனக்கே பெருமையா இருக்குங்க" என்றாள் மனைவி, சோறு போட்டுக்கொண்டே. அவர் தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, சாப்பிடலையா?"

"பசிக்கலை."

"இப்பல்லாம் நீங்க பேசறதே இல்ல. ஊருக்கெல்லாம் மூடி போட்டுப் போட்டு உங்க வாய்க்கும் ஒண்ணு போட்டுக்கிட்டீங்களா?"

சாதாரண நாளாக இருந்தால் அவர் இதற்குச் சிரித்திருப்பார். அன்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

தையலம்மா திரும்பவும் தைக்க உட்கார்ந்தார். இடது காலால் மிதிக்கப் பழகிக்கொண்டார். வேகம் வரவில்லை, ஓரம் கோணிக்கொண்டு போனது, பிரித்துப் பிரித்துத் தைத்தார். அதைக்கூட மூடிக்காரரால் பார்க்க முடிந்தது. பார்க்க முடியாதது வேறொன்று. ஒரு நாள் பாத்ரூம் தாழ்ப்பாள் சரிசெய்யப் போயிருந்தார். மெஷின் சத்தம் இல்லை, பேச்சுச் சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தார். தையலம்மா தரையில் மண்டிபோட்டு, ஈரப் பஞ்சை வைத்து நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு டப்பா, பாதி வரைக்கும் நூல்.

"என்னக்கா இது? துடைப்பத்தால பெருக்கினா போதாதா?"

"மூலையில நின்னுடும் தம்பி. சாயங்காலம் அவ வந்து பாப்பா. ஒண்ணு கிடந்தாலும் முகம் மாறிடும். அவ மேலயும் தப்பில்ல, பயந்துட்டா." பஞ்சைப் பிழிந்தார். "பிரிபிரியா வர்ற துணியெல்லாம் இப்ப வாங்கறதே இல்ல. திரைச்சீலை தைக்கறதையும் விட்டுட்டேன். நூல் நிறைய விழுது."

மூடிக்காரர் தாழ்ப்பாளைப் பாதியில் விட்டுவிட்டு, ஸ்க்ரூ வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். ஸ்க்ரூ பையிலேயே இருந்தது. தெருமுனையில் நின்று யோசித்தார். சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? மூடிக்காரர் என்கிற பேர் போகும். ஆனால் அதுவல்ல அவர் பயந்தது. 'தங்கமான மனுஷன்' என்று சொன்ன அந்த அம்மாவின் முகம் எப்படி மாறும் என்பதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்றும் சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் மகள் மருந்துக் கடையிலிருந்தே போன் செய்தாள்.

"அண்ணா, ஒரு உதவி. அம்மாவோட மெஷினை ஒருத்தர் கேக்கறாரு. கொடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு வண்டி வருது. தூக்கி ஏத்தறதுக்கு நீங்க கொஞ்சம் கூட இருப்பீங்களா?"

"மெஷினையா? ஏம்மா?"

"கவனம் போதலைண்ணா அவங்களுக்கு. இப்ப நூல், நாளைக்கு அயர்ன் பாக்ஸை அணைக்க மறப்பாங்க. நான் வேலைக்குப் போயிட்டா யார் பாக்கறது? நீங்களே பாத்தீங்க இல்ல, எவ்வளவு சொல்லியும் கேக்கலை. விரலே போயிடுச்சு."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"சரின்னுட்டாங்க. தப்பு தன் மேலதான்னு அவங்களுக்கே தெரியுது."

மூடிக்காரர் போனை வைத்தார். செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு நேராகத் தையலம்மா வீட்டுக்கு நடந்தார். கதவு திறந்திருந்தது. தையலம்மா மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார், கொண்டுபோகிறவர்கள் குறை சொல்லக் கூடாது என்று.

"வாங்க தம்பி. நாளைக்குத்தானே வண்டி?"

"அக்கா, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

உட்கார்ந்தார். இவர் நின்றார். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "நூல் இல்லக்கா" என்றார். "உங்க நூலால வரலை. நான்தான் மூடியைத் தூக்கிக் கம்பியால கட்டி வச்சேன். அன்னைக்குத் தண்ணி இறங்கலைன்னு கூப்பிட்டீங்களே, அப்ப. திரும்ப வந்து அவிழ்க்கணும், மறந்துட்டேன். எலி அதுவழியாத்தான் வந்துச்சு. அன்னைக்குக் காலையில கம்பியை வெட்டி மறைச்சுட்டு, நூலுன்னு சொல்லிட்டேன்."

தையலம்மா எண்ணெய்த் துணியை மடித்தார். அதைத் திரும்ப விரித்தார்.

"மறதி எனக்கும் உண்டு" என்றார் கடைசியில். "கம்பியை மறந்தீங்க, சரி. மனுஷன்னா மறக்கறதுதான். ஆனா என் பொண்ணு என்னை அந்தப் பேச்சு பேசினதைக் கேட்டுட்டு, பக்கத்துல நின்னு தண்ணி குடிச்சீங்களே தம்பி. நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லன்னு சொன்னீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நானும் நம்பிட்டேனே" என்றார் தையலம்மா. "தூக்கத்துல முழிச்சா, நம்ம கையால நாமளே விரலை வெட்டிக்கிட்டோம்னு நினைப்பேன்."

"அக்கா, நான்..."

"எங்கிட்ட சொன்னது போதாது. அவகிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன், நீங்க சொல்லணும். என் முன்னாடி."

மகள் வருகிறவரை அவர் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று தையலம்மா சொல்லவில்லை. வெயில் ஏறி இறங்கியது. தெருவில் போனவர்கள் "என்ன மூடிக்காரரே, வேலையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றார்.

மகள் வந்தாள். அவர் எழுந்து, காலையில் சொன்னதையே சொன்னார். இப்போது கொஞ்சம் கோர்வையாக வந்தது. அதுவே அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டுவிட்டு, "அன்னைக்குக் கையில நூலைக் காட்டினீங்களே. அப்ப கம்பி எங்க இருந்துச்சு?" என்றாள்.

"இன்னொரு கையில."

"போயிடுங்க" என்றாள்.

அவர் படியிறங்கினார். பின்னால் மகள் அழுகிற சத்தம் கேட்டது. "ஏம்மா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ?" தையலம்மா சொன்னது மெதுவாகக் கேட்டது. "எனக்கே தெரியாதேடி கண்ணு."

மறுநாள் வண்டி வரவில்லை. மெஷின் ஜன்னலோரத்திலேயே இருந்தது. இது மூடிக்காரருக்கு மனைவி மூலமாகத்தான் தெரிந்தது. மனைவியிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு, "ஊரெல்லாம் உங்களைப் பாராட்டினப்ப நானும் சேர்ந்து தலையாட்டினேன். என்னையும்தான் ஏமாத்தியிருக்கீங்க" என்றாள். அடுத்த நாள் தைக்கிற துணி எதுவும் இல்லாமலே தையலம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க மூடிக்காரர் வேறு வேலை எடுக்கவில்லை. எங்கெங்கே கம்பி கட்டினோம் என்று யோசித்து யோசித்து வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் சேம்பரைத் திறந்து, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டே வெட்டினார். ஒரு வாத்தியார் வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டினார். ஒரு பாட்டுக்காரி, இத்தனை நாள் எலி ஏதும் வந்திருக்குமோ என்று பயந்து அன்றைக்கே அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டினாள். ரொட்டிக் கடைக்காரர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "இருக்கட்டும் விடுங்க, தண்ணி நல்லாத்தானே போகுது" என்றார். "இல்லீங்க, வெட்டணும்" என்று இவர் பிடிவாதமாக நின்றார். அவர் சிரித்துக்கொண்டே, "விரல் போன கதையைக் கேள்விப்பட்டேன்" என்றார். விஷயம் அதற்குள் எல்லா இடத்துக்கும் போயிருந்தது.

வேலை குறைந்தது. கூப்பிட்டவர்களும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அதில் அவருக்குக் கோபம் வரவில்லை. பார்க்க விரும்பாதவர்களையும் அவரே கூப்பிட்டு நிறுத்தினார். தையலம்மா வீட்டுக்கு வேறொரு பிளம்பர் போய்வந்துகொண்டிருந்தார். தெருவில் எதிரே வந்தால் தையலம்மா நின்று, "வீட்ல நல்லா இருக்காங்களா?" என்று கேட்பார். இவர் "நல்லா இருக்காங்கக்கா" என்பார். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. மன்னித்துவிட்டேன் என்று தையலம்மா ஒருநாளும் சொன்னதில்லை. இவரும் கேட்டதில்லை. கேட்டால் அந்த அம்மா சொல்லிவிடுவார் என்று இவருக்குத் தெரியும். அதனாலேயே கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அந்த வீட்டில் தண்ணீர் திரும்பவும் நின்றது. புதுப் பிளம்பர் மூடியைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றாராம். மகள் மூடிக்காரரின் மனைவிக்குப் போன் செய்தாள்.

"அண்ணாவை வரச் சொல்லுங்க. நான் வீட்டில இருக்கும்போது வரணும்."

பெரிய அளவு மூடி அவரிடம் வெகு நாளாகவே இருந்தது. எடுத்துக்கொண்டு போனார். மகள் மூக்கைப் பொத்தாமல் சேம்பர் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, டார்ச்சைப் பிடித்தாள். அவர் பழைய வளையத்தை உருவினார், குழாய் வாயைச் சுரண்டினார், புதியதைச் செருகினார். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இது எதுக்கு, இது ஏன் சாய்வா இருக்கு, எத்தனை நாளைக்கு ஒருதரம் பாக்கணும். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் அவள் ஒரு குச்சியை எடுத்துத் தெருப் பக்கத்திலிருந்து தகட்டை அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள்.

"சரி" என்றாள். கூலியைச் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார், அவள் கொடுத்தாள், அவர் வாங்கிக்கொண்டார்.

முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வந்து உட்கார்ந்திருந்தார்கள். தையலம்மா மெஷின் சத்தத்துக்கு மேலே எதையோ சொல்ல, வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். மூடிக்காரர் பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது மெஷின் நின்றது.

"தம்பி, கேட்டை மெதுவா சாத்துங்க" என்று ஜன்னல் வழியாகத் தையலம்மாவின் குரல் வந்தது. "கொண்டி தளர்ந்து கிடக்கு."

சரி பண்ணித் தரட்டுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் கேட்கவில்லை. கேட்டை மெதுவாகச் சாத்திவிட்டு நடந்தார்.